பாய்லர் காதும் காந்தச் சுருளும்

வேறு ஊரில் ஒருவர் "காதுக்குள்ள கொய்ங்னு கேக்குது" என்றால் "டாக்டரைப் பாருங்க" என்பார்கள். திருச்சியில் முதலில் வரும் கேள்வி, "எந்த ஷாப்புல இருந்தீங்க?" என்பது. தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலம் தொடங்கி திருவெறும்பூர், துவாக்குடி வரைக்கும் இரும்பை வெட்டி, வளைத்து, தட்டி, உரசிப் பிழைத்த குடும்பங்கள் அத்தனை. நான் வடக்கு ஆண்டார் வீதிக்காரன். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் படித்தார்கள். அவர்களுடைய அப்பாக்களிடம் மெல்லப் பேசிப் பயனில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே புரிந்துவிட்டது.

அப்படி ஒரு அப்பா, துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்தவர், சில மாதங்களுக்கு முன் ஒரு துண்டு நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தார். எந்த ஊர் கிளினிக் என்பது இங்கே வேண்டாம்.

"தலையில காந்தம் வச்சா காது இரைச்சல் போயிடுமாம் சார். காந்தம்னா உங்க பாடம்தானே?"

"என் பாடம்தான், அண்ணே. உட்காருங்க."

ஆனால் அவருக்குப் பதில் சொல்லக் காந்தத்தில் ஆரம்பித்தால் ஆகாது. பாய்லரில் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த ஊருக்குப் பெருஞ்சத்தம் முதலில் பீரங்கியோடு வந்தது. 1753-ல் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸின் படையும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்ட குன்றுதான் பொன்மலை. பீரங்கிகள் வந்தன, போயின. போகாமல் தங்கிய சத்தத்தைக் கொண்டுவந்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. நாகப்பட்டினத்திலிருந்த பட்டறையை அது திருச்சிக்கு மாற்றி, 1928-ல் பொன்மலையில் நிலைநிறுத்தியது. ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் புதிதாகச் செய்து அனுப்பிய பட்டறை அது. பிறகு 1960களில் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்தது. மின்நிலையங்களுக்கான உயரழுத்தக் கொதிகலன்கள். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் துணைப் பட்டறைகள் முளைத்தன. மலைக்கோட்டை உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவதில் பாதி, பாய்லரால் எழுந்த ஊர்.

வெல்டிங் பரவுவதற்கு முன் உலகம் முழுக்கப் பாய்லரை ரிவெட் அடித்துத்தான் மூட்டினார்கள். பழுக்கக் காய்ந்த ஆணியைத் துளையில் செருகி, வெளியே நிற்பவர்கள் சம்மட்டியால் அதன் தலையைப் பரத்த வேண்டும். அடி வாங்கும் ஆணி பின்னால் நழுவாமலிருக்க, பாய்லருக்குள்ளே ஒருவர் குனிந்து உட்கார்ந்து கனத்த இரும்பை முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பார். வெளியே அடிப்பவனுக்குச் சத்தம் காற்றில் கலைந்து போகும். உள்ளே இருப்பவனுக்கு அது எங்கேயும் போகாது. நாலு பக்கமும் இரும்பு.

1886-ல் கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார் இதை முறையாகச் சோதித்தார். பாய்லர்காரர்கள் 100 பேர், இரும்பு வார்ப்பவர்கள் 100 பேர், தபால்காரர்கள் 100 பேர். சட்டைப்பைக் கடிகாரத்தின் டிக்டிக் ஓசை எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று ஒவ்வொருவரிடமும் அளந்தார். பாய்லர்காரர் நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கேள்விச் சக்தி சரியாக இல்லை. தபால்காரர்களைச் சேர்த்துக்கொண்டதுதான் அவருடைய சாமர்த்தியம் என்பேன். ஒப்பிட ஆள் இல்லாமல் எதையும் நம்பாதே என்ற பாடம் அதில் இருக்கிறது. அது கீழே காந்தத்துக்கு வரும்போது உதவும்.

கிளாஸ்கோவில் கப்பல் பாய்லர், திருச்சியில் மின்நிலையப் பாய்லர். ரிவெட் போய் வெல்டிங் வந்ததும் காது பிழைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெல்டிங் ஒட்டின இடத்தைச் சிப்பிங் செய்ய வேண்டும், கிரைண்டர் வைத்து உரச வேண்டும். தகர ஷெட்டுக்குள் நாலு கிரைண்டர் ஓடினால் பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவதுதான் தெரியும், குரல் வராது. சட்டப்படி 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்தான் எல்லை. சத்தத்தால் வரும் செவிட்டுத்தனம் தொழிலாளர் சட்டங்களின் நோய் அட்டவணையிலும், இழப்பீட்டு அட்டவணையிலும் இருக்கிறது. காது இரைச்சல் அவற்றில் இல்லை. கேட்காமல் போனதற்குக் காசு உண்டு, கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இல்லை.

உள்காதின் நத்தைக் கூட்டில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். பிறக்கும்போது கிடைப்பதுதான், செத்தால் மறுபடி முளைக்காது. பட்டறைச் சத்தம் முதலில் கொல்வது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் செல்களை. ஆடியோகிராம் எடுத்தால் அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும்; தேர்ந்தவர்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடுவார்கள். அந்தச் செல்களிடமிருந்து செய்தி வருவது நின்றதும், மேலே மூளை சும்மா இருப்பதில்லை. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவது போல, அது தன் பெருக்கத்தைக் கூட்டுகிறது. அப்போது கேட்பதுதான் கொய்ங். பெரும்பாலான இரைச்சலுக்கு இன்று சொல்லப்படும் விளக்கம் இதுவே. அறுவை சிகிச்சையில் செவி நரம்பையே வெட்ட நேர்ந்த நோயாளிகள் பலருக்கு, வெட்டிய பிறகும் இரைச்சல் தொடர்ந்தது. சத்தம் காதில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இது பட்டறையோடு பிறந்த நோயும் அல்ல. சுசுருதர் எண்ணிய 28 காது நோய்களில் கர்ணநாதமும் ஒன்று; காதில் எண்ணெய் நிரப்பி வைப்பது அதற்கான பழைய வைத்தியங்களில் ஒன்று. நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான பாரம்பரியமும் இருக்கிறது. மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ் என்று பத்து ஓசைகளை உள்ளே கேட்பதை யோகத்தின் படியாகத் திருமூலர் சொல்கிறார். மலைக்கோட்டைச் சாமியின் பெயரையே கொண்ட தாயுமானவர், நாயக்கர் அரண்மனை உத்தியோகத்தில் இங்கே இருந்தபோது தேடிப் பிடித்த குருவுக்கு மௌனகுரு என்று பெயர். ஒரு கூட்டம் உள்ளோசைக்காகக் காதை மூடிக்கொண்டது. இன்னொரு கூட்டம் அது நின்றால் போதும் என்று காதில் எண்ணெய் விட்டுக்கொண்டது. 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் காதில் குறையில்லாத 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் சில நிமிடங்கள் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஓசை கேட்டது. அறையில் ஒன்றும் இல்லை. திருமூலர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஐரோப்பிய வைத்தியத்தில் எனக்குப் பிடித்தவர் பாரிஸ் மருத்துவர் இடார். 1821-ல் காது நோய்கள் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில் இரைச்சலுக்கு ஒரு யோசனை இருக்கிறது: உள்ளே கேட்கும் சத்தத்தைப் போன்ற சத்தம் ஒன்றை வெளியே உண்டாக்குங்கள். காதில் முழங்கினால் கணப்பில் நன்றாக எரியும் விறகு. சீறினால் ஈர விறகு. மணி போல ஒலித்தால் செம்புப் பாத்திரத்தில் சொட்டும் தண்ணீர். ஏழை பணக்காரன் யாருக்கும் வீட்டிலேயே கிடைக்கிற மருந்து! 1970களில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜாக் வெர்னன் என்ற ஆய்வாளர் இதே வழியில், காதில் மாட்டிக்கொள்ளும் ஓசைக் கருவியைக் கொண்டுவந்தார். நகரத்து நீரூற்று ஒன்றின் பக்கத்தில் நின்றபோது நண்பரின் இரைச்சல் அடங்கியதுதான் அதற்குத் தூண்டுதல்.

இதைச் சொன்னபோது கிரைண்டிங் அண்ணன் தலையாட்டினார். "முக்கொம்புல தண்ணி தொறந்துவிட்டா மதகுக்கிட்ட போய் நிப்பேன் சார். அங்க நிக்கிற வரைக்கும் ஒண்ணும் கேக்காது." 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பு மேலணையைக் கட்டியது பாசனத்துக்காக.

இனி மின்சாரம். ஒரு கருவி புதிதாக வந்ததும் மனிதன் அதைக் கொண்டுபோய்க் காதில் வைத்துப் பார்ப்பான். 1800-ல் வோல்ட்டா தன் மின் அடுக்கைக் கண்டுபிடித்ததை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய அதே கடிதத்தில், இரண்டு காதிலும் உலோகக் கம்பிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சிக்கொண்டதையும் எழுதினார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. பிறகு ஏதோ கெட்டியான குழம்பு கொதிப்பது போன்ற சத்தம். அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. மறு வருடமே பெர்லின் மருத்துவர் கிராபென்கீசர், வோல்ட்டா அடுக்கை வைத்துக் காது இரைச்சலுக்கு வைத்தியம் செய்ததைப் புத்தகமாக்கிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இது நடந்தது. சிலருக்கு நின்றது, சிலருக்குக் கூடியது, பலருக்கு அப்படியே இருந்தது. இரைச்சல் என்பது தூக்கம் கெட்டால் ஏறும், கவலை தீர்ந்தால் இறங்கும் சரக்கு. அதனால் எந்த மருந்தைக் கொடுத்தாலும் பத்துப் பேரில் இரண்டு பேர் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வைத்தியர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் தபால்காரர்கள் இல்லை.

அடுத்தது பாரடே, 1831. வகுப்பில் நான் நடத்திய பாடங்களில் பையன்கள் தூங்காமல் கவனித்தது இதுதான். செம்புக் கம்பிச் சுருள், கால்வனாமீட்டர், சட்டக் காந்தம். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தால் முள் துள்ளும். உள்ளேயே விட்டுவிட்டால் முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்துக்கொள்ளும். வெளியே இழுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். காந்தம் சும்மா கிடந்தால் மின்சாரம் கிடையாது. காந்தப்புலம் மாற வேண்டும், அதுவும் வேகமாக. காந்தப் படுக்கை, காந்த வளையல், காந்தச் செம்பு என்று வீடு வீடாக விற்றுக்கொண்டு வந்தவர்களிடம் இந்த முள்ளைத்தான் காட்டச் சொல்வேன். அசைகிற முள்ளை யாரும் காட்டியதில்லை.

சுருளில் பிறக்கும் மின்சாரம் தலைக்குள்ளும் பிறக்குமா? 1896-ல் பாரிஸில் தார்சன்வால் மாறுமின்சாரம் ஓடும் பெரிய சுருளுக்குள் தலையை வைக்கச் செய்தார். கண்ணில் ஒளித் துணுக்குகள் மின்னின. 1910-ல் லண்டனில் சில்வானஸ் தாம்ப்சனுக்கும் அதே ஒளி. அது விழித்திரையின் வேலை, மூளையின் வேலை அல்ல என்று பிற்பாடு கருதினார்கள். மூளையைத் தொட்டவர் ஷெஃபீல்டு நகரத்து ஆண்டனி பார்க்கர். 1985-ல் அவரும் தோழர்களும் தலைமேல் ஒரு சுருளை வைத்து, மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரே வீச்சில் அதில் பாய்ச்சினார்கள். கை தானாகத் துடித்தது. வலி இல்லை.

அந்தச் சுருளில் பாய்வது சில ஆயிரம் ஆம்பியர். ஆனால் ஒரு மில்லி வினாடிகூட நீடிக்காது. உண்டாகும் காந்தப்புலம் 2 டெஸ்லா அளவுக்குப் போகும். திருச்சியில் பூமியின் காந்தப்புலத்தைப்போல் அது ஏறக்குறைய ஐம்பதாயிரம் மடங்கு. (பூமியின் காந்த நடுக்கோடு இங்கிருந்து தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் போகிறது, அதனால் நம் ஊரில் காந்த ஊசி கிட்டத்தட்டப் படுக்கையாகவே நிற்கும். பாடத்துக்கு வெளியே இதைச் சொன்னால் பையன்களுக்கு ஒரு பெருமை.) மண்டை ஓடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரை நரம்புச் செல்களில் மின்னோட்டம் பிறக்கும். வினாடிக்கு ஒன்று என மெதுவாக அடித்தால் அந்த இடத்தின் துடிப்பு தணியும், வேகமாக அடித்தால் கூடும் என்று கண்டார்கள். மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்கா 2008-ல் அனுமதித்தது. டி.எம்.எஸ். என்று இப்போது நம்மூர் மனநல மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெங்களூர் நிம்ஹான்ஸில் வெகுநாளாகவே பயன்படுத்துகிறார்கள்.

காது இரைச்சலுக்கு இது வந்த வழி நியாயமான வழி. 1990களில் மூளைப் படங்கள், இரைச்சல்காரர்களின் மூளையில் ஒலியை வாங்கும் செவிப் புறணி ஓயாமல் வேலை செய்வதைக் காட்டின. காந்தத் துடிப்பு அடக்கும் என்றால், அங்கே வைத்து அடக்கிப் பார்க்கலாமே! 2003-ல் ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரத்தில் பிளெவ்னியா குழு 14 பேருக்குச் சோதித்தது. 8 பேருக்கு இரைச்சல் குறைந்தது, சிறிது நேரத்துக்கு. அதே ஆண்டு ரேகன்ஸ்பர்கில் ஐக்ஹாமர் குழு பல நாள் தொடர் சிகிச்சையாகச் செய்தது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது: வினாடிக்கு ஒன்று, ஒரு அமர்வுக்கு 2000 துடிப்பு, பத்து நாள்.

இங்கேதான் தபால்காரர்கள் வருகிறார்கள். சுருள் ஒவ்வொரு துடிப்பிலும் "டக்" என்று ஓங்கி அடிக்கும். மின்னோட்டம் பாயும்போது கம்பிகளே ஒன்றையொன்று தள்ளி அதிர்வதால் வரும் சத்தம். அதனால் போலிச் சுருள் ஒன்றைச் செய்தார்கள். அதே டக் டக், ஆனால் மூளைக்குள் காந்தம் இறங்காது. தனக்கு எது வைக்கப்பட்டது என்று நோயாளிக்குத் தெரியாது. 2015-ல் போர்ட்லண்டில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஃபோல்மர் குழு 64 பேரை இப்படிப் பிரித்துப் பார்த்தது. உண்மைச் சுருளில் 32-க்கு 18 பேர் தேறினார்கள், போலிச் சுருளில் 32-க்கு 7 பேர். ஊருக்கு ஊர் நம்பிக்கை பிறந்தது. 2017-ல் ஜெர்மனியின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 163 பேரிடம் செய்தன. உண்மைக்கும் போலிக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கமோ 2014-லேயே, வழக்கமான சிகிச்சையாக இதைச் செய்ய வேண்டாம் என்று வழிகாட்டியிருந்தது.

ஏன் இப்படி? என் கணக்குக்குப் பட்ட காரணங்கள் இரண்டு. முதன்மைச் செவிப் புறணி தலையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஆழமாக ஒளிந்திருக்கிறது. சுருளின் வீச்சு பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். இரண்டாவது, இரைச்சல் ஓரிடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. கவனம், பயம், ஞாபகம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது. ஒரு செங்கல்லைத் தட்டி வீட்டை அடக்க முடியவில்லை. என் தீர்ப்பு: இந்தக் காந்தம் மோசடி இல்லை, காந்தச் செம்போடு சேர்த்துப் பேசுவது பாவம். ஆராய்ச்சிக்கூடத்தில் யாராவது இலவசமாகச் செய்து, ஒப்பிடவும் ஆள் வைத்திருந்தால் போய் உட்காரலாம். சேமிப்பை எடுத்து நோட்டீஸ்காரரிடம் கொடுக்கும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

அண்ணனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். முதலாவது, தலையிலோ கண்ணிலோ இரும்புத் துணுக்கு இருந்தால் இந்தச் சுருள் பக்கமே போகக்கூடாது. கிரைண்டிங் வேலைக்காரருக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. கண்ணில் பொறி தெறித்து, பக்கத்திலிருந்தவர் துணி நுனியால் எடுத்துவிட்ட கதை துவாக்குடியில் ஆளுக்கு ஒன்றிரண்டு இருக்கும். எடுத்தது முழுசாக வந்ததா என்று யார் பார்த்தார்கள்? இரண்டாவதைச் சொன்னதும் அவர் சிரித்தே விட்டார். அந்தச் சிகிச்சைக்கு உட்காரும்போது காதில் இயர்பிளக் கட்டாயம். சுருளின் சத்தமே காதைக் கெடுக்கக்கூடும்.

"அங்கயும் டக்கு டக்குன்னு அடிதானா! அதுக்கு நான் ஷாப்புக்கே திரும்பப் போயிடுவேனே சார். ஷாப்புல ஒரு நாளும் பிளக் வச்சதில்ல, கேட்டா சூப்பர்வைசர் சொல்றது காதுல விழாதும்பாங்க."

புத்தூர் அரசு மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுத்துக் காட்டச் சொல்லி அனுப்பினேன். எடுத்தார். எதிர்பார்த்த இடத்தில் பள்ளம். கேட்கும் கருவி மாட்டினால் வெளிச்சத்தம் நிறைய உள்ளே வந்து இரைச்சல் பின்னால் தள்ளிப்போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது, கூடவே இரைச்சலைக் கண்டு மிரளாமல் இருக்கப் பழக்கும் மனப்பயிற்சியையும். மருந்து மாத்திரைகளை அது பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. இரவில் அவர் மேஜை மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டுத் தூங்குகிறார். காற்றுக்காக அல்ல. இடார் பார்த்திருந்தால் ஈர விறகுக்குப் பதில் இதை எழுதியிருப்பார்.

போன வாரம் பேரன் செல்போனில் காட்டிய ஒரு செய்தியோடு மறுபடி வந்தார். அயர்லாந்துக் கம்பெனி ஒன்றின் கருவி. காதில் ஓசை, கூடவே நாக்கில் மெல்லிய மின்சாரம். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. வோல்ட்டா காதில் செருகினார், பார்க்கர் தலைமேல் வைத்தார், இப்போது நாக்கு.

"இதுல போலி நாக்கு வச்சுப் பார்த்தாங்களா சார்?" என்று கேட்டார்.